கழுவித் துடைத்த பிஸ்கட் டின்

குறைந்த செலவில் வீட்டை அழகாக்குவது எப்படி என்று என் மகள் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினாள். அதில் ஒரு பெண் ரப்பர் கொட்டைகளைத் துளைத்து, நூலில் கோத்து, வாசலில் திரையாகத் தொங்கவிட்டு, இயற்கையோடு இணைந்த வாழ்க்கை என்று சொல்லிப் புன்னகைத்தாள். நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்து வீட்டின் பின்வாசலில் அதே திரை தொங்கியது. இயற்கையோடு இணைய வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படவில்லை. கதவு இல்லை, அவ்வளவுதான். கரையான் தின்ற கதவுக்கு வேறு கதவு கேட்டு அப்பா தோட்ட ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்த சமயத்தில் நானும் தங்கையும் கொட்டை பொறுக்கிக் கோத்த திரை அது. காற்றடித்தால் கடகடவென்று சத்தம் போடும். நாய்கள் தாராளமாக வந்து போகும்.

பலகாரமும் அப்படித்தான். பச்சைப் பயற்றை வறுத்து, திரித்து, சீனிப் பொடி கலந்து, காய்ச்சிய நெய்யை ஊற்றிச் சூடு ஆறும் முன் பிடிப்பது நெய் உருண்டை. எங்கள் வீட்டில் நெய் பெயரளவுக்குத்தான். மார்ஜரினை உருக்கி ஊற்றிவிட்டு, வாசனைக்காக ஒரு கரண்டி நெய் சேர்ப்போம். சில வருடம் அந்தக் கரண்டியும் பாதியாகக் குறையும். போன வருடம், நான் இப்போது இருக்கும் ஈப்போவின் பழைய நகரில் ஒரு காப்பிக் கடையில் அதே உருண்டையைக் கறுப்புக் கல்லின்மேல் மூன்றே மூன்று வைத்து, பயறு புரோட்டின் பந்து என்று கொடுத்தார்கள். மகள் படம் எடுத்தாள். நான் வாயில் போட்டுப் பார்த்தேன். நெய் இல்லை. எங்கள் அப்பாவும் அந்தக் கடை வைத்திருக்கலாம்.

எனக்கும் என் தங்கைக்கும் பெற்றோர் விட்டுச்சென்ற சொத்து என்று பார்த்தால் ஒரு பிஸ்கட் டின். ஏதோ ஒரு தீபாவளிக்குத் தோட்டத்துத் துரை அப்பாவுக்குக் கொடுத்தது. மூடியில் பனி மூடிய மலையும் அடிவாரத்தில் ஒரு மரவீடும் இருக்கும். அது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கேமரன் மலை என்று நாங்கள் வெகுகாலம் நம்பினோம். தோட்டத்தை விற்று எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது, மற்ற சாமான்களை இரண்டு பேரும் முகம் கோணாமல் பிரித்துக்கொண்டோம். டின்னுக்கு மட்டும் சண்டை வந்தது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். தீபாவளிக்கு நான் அதில் பலகாரம் போட்டு அவளுக்கு அனுப்புவேன். கிறிஸ்மஸுக்கு அவள் பலகாரம் போட்டு எனக்கு அனுப்புவாள். அவள் கட்டிக்கொண்டது பாரிட் புந்தாரில் அரிசி ஆலையில் வேலை செய்யும் ஒரு வேதக்காரரை. அதனால் வருடத்துக்கு இரண்டு பண்டிகை, டின்னுக்கு இரண்டு பயணம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மக்களிடம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சாம்பார் வந்தால்கூட, திரும்பிப் போகும்போது அதில் எதையாவது போட வேண்டும். ஒன்றுமே இல்லையா, ஒரு பிடி சீனி. சீனியும் இல்லாவிட்டால், சீனி வாங்கும்வரை கிண்ணம் நம் வீட்டிலேயே இருக்கும். வெறும் பாத்திரம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் தங்கை பச்சை நிறச் சோடா பாட்டில்களை வெட்டி, அடுக்கி, கிறிஸ்மஸ் மரம் செய்து, குடும்ப வாட்ஸ்அப் புலனக் குழுவில் படம் போட்டாள். இருபது பேர் கைதட்டினார்கள். நான் மட்டும், "குப்ப லாரி எத்தன மணிக்கு வருது?" என்று எழுதினேன். வேடிக்கைக்குத்தான். என் வேடிக்கை கொஞ்சம் கடிக்கும், அது அவளுக்குத் தெரியும். அவள் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள்.

கிறிஸ்மஸ் முடிந்து இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் பாரிட் புந்தாருக்குப் போனார். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். ஒரு கல்யாணக் கூட்டத்தை அங்கே இறக்கிவிட்டு, காலி பஸ்ஸோடு திரும்பும் வேலை. வருகிற வழியில் தங்கை வீட்டில் டின்னை வாங்கிவரச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் டின் வந்தது. கையில் வாங்கியதுமே எடை தெரிந்துவிட்டது. திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் டின் என்றால்கூட மறதி என்று மனத்தைத் தேற்றியிருப்பேன். இது கழுவித் துடைத்த டின். மூலையில் ஒரு துளி மாவு இல்லை. முகம் பார்க்கலாம், அப்படி இருந்தது.

"இதான் குடுத்தாளா?" என்று கேட்டேன்.

"இதான் குடுத்தாங்க," என்றார் அவர். சொல்லிவிட்டு நேரே குளிக்கப் போனார்.

நான் கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். அப்பா அம்மா பாலெடுக்க ரப்பர் மரத்தில் கோடு போட்டார்கள், நான் ரப்பரில் ஓட்டை தேடுகிறேன். குடும்பம் முன்னேறியிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சில கையுறைகளை எடுத்து, தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, சொட்டுகிறதா என்று பார்ப்போம். கண்ணுக்கே தெரியாத ஊசி ஓட்டையை நான் தூரத்திலிருந்து சொல்வேன். அப்பேர்ப்பட்ட எனக்கு, வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு கேட்காமல் குளிக்கப் போன மனிதரைத் தொங்கவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

டின்னை அலமாரி மேல் ஏற்றினேன். அடுத்த தீபாவளிக்கு அது இறங்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் வேண்டுமென்றேதான் அனுப்பினாள் என்பதற்குக் கேட்காததே எனக்குச் சாட்சியாகப் போயிற்று. நோய்த்தொற்றுக் காலத்தில் மாவட்ட எல்லை தாண்டக்கூடாது என்று தடை போட்டபோது ஊரெல்லாம் அழுதது. எங்கள் இரண்டு பேருக்கும் அது ரொம்ப வசதியாக இருந்தது. பண்டிகை வந்தால் புலனத்தில் பூவும் விளக்கும் மினுங்கும் படம் ஒன்றை அவள் அனுப்புவாள். நானும் ஒன்று அனுப்புவேன். இரண்டும் வேறு யாரோ எங்களுக்கு அனுப்பியவை.

மூன்று வருடங்களுக்கு முன் அவளுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்று குழுவில் செய்தி வந்தது. தைப்பிங்கில் சேர்த்திருந்தார்கள். ஒரு மணி நேரப் பயணம். நான் சட்டை மாற்றிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, கூடத்தில் வந்து நின்றேன். அங்கிருந்து பார்த்தால் அலமாரி மேல் டின் தெரியும். கைப்பையைத் திரும்ப மாட்டிவிட்டேன். விரைவில் நலம் பெறுக என்று எழுதிய ரோஜாக்கூடைப் படம் ஒன்று கைப்பேசியில் இருந்தது. அதை அனுப்பினேன்.

இந்த வருடம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவளிடமிருந்து எனக்குத் தனியாகச் செய்தி வந்தது. "பையனுக்கு ஈப்போவுல வேல கெடச்சிருக்கு. தீபாவளி அன்னிக்கி வாரோம். வீட்டுல இருப்பீங்கதானே?"

இருப்பீங்க. பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசியவள். அந்த மரியாதை எனக்குச் சுருக்கென்று குத்தியது. மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவள் வரவேண்டும் என்றும் இருந்தது, வந்தால் வெறும் டின்னுக்கு நான் இன்னும் சூடு சொரணையோடுதான் இருக்கிறேன் என்று காட்டவேண்டும் என்றும் இருந்தது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டிருந்தால் அவள்தான் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஆகவே வீட்டை அலங்கரிக்க ஆரம்பித்தேன்.

மகளின் காணொளிகள் கைகொடுத்தன. முட்டை அட்டையை வெட்டிச் சாயமடித்துப் பூ. பழைய சேலைக் கரையில் மேசை விரிப்பு. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கைக்கு வண்ணம் ஏற்றி வாசலில் கோலம். அந்தக் கோலத்தை முதலில் போட்டது மூன்று நாள் முன்னாலேயே, ஒத்திகைக்கு. மறுநாள் சக்கை புளித்து, எறும்புகள் சிவப்புத் தாமரையைக் கட்டெறும்புத் தாமரையாக மாற்றியிருந்தன. பிறகு அரிசிக்கு மாறினேன். மேரி பிஸ்கட்டை உடைத்து, சாக்லெட் பாகில் புரட்டி, குளிர்பெட்டியில் இறுக்கி எடுக்கும் பாத்தேக் கேக் செய்தேன். அடுப்புக்கூட வேண்டாம், வீட்டில் இருக்கும் எவருக்கும் வரும். அச்சு முறுக்கு சுட்டேன். நெய் உருண்டை மட்டும் செய்யவில்லை. அது அவள் கைக்குத்தான் வரும், எனக்குப் பிடித்தால் உதிர்ந்துவிடும். பின்வாசலில் கதவு இருந்தும், கதவைத் திறந்துவைத்து ரப்பர் கொட்டைத் திரையை மாட்டினேன்.

கடைசியாக டின்னை இறக்கினேன். டின்னில் ஆணியால் துளையிட்டு உள்ளே விளக்கு வைத்தால் சுவரெல்லாம் வெளிச்சப் புள்ளி விழும் என்று ஒரு காணொளியில் பார்த்திருந்தேன். வெறும் டின்னை அடித்தால் நசுங்கும். தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, பனிக்கட்டியோடு அடிக்க வேண்டும். டின்னுக்கு இடம் செய்யத் தீபாவளிக் கோழியைப் பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டிக்கு அனுப்பினேன். மறுநாள் வாசல்படியில் உட்கார்ந்து அடித்தேன். சுற்றிலும் விளக்கு விளக்காகப் புள்ளி வைத்து அடித்தேன். மகள் வந்து பார்த்தாள்.

"மா, இது சின்னம்மா டின்னுல்ல?"

"எங்க ரெண்டு பேரு டின்னு."

"ஓட்ட போட்டா அப்புறம் எதுவும் வைக்க முடியாதே."

"வைக்க வேணாம்."

அவள் உள்ளே போய்விட்டாள். இனி இந்த டின் யாருக்கும் எதையும் சுமக்காது, அதைத் தங்கை கண்ணால் பார்க்கட்டும் என்பதுதான் என் கணக்கு. மலையும் மரவீடும் இருந்த மூடியை மட்டும் அடிக்காமல் விட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

தீபாவளி அன்று மத்தியானம் வந்தார்கள், தங்கை, அவள் வீட்டுக்காரர், மகன். அவள் பாதியாக இளைத்திருந்தாள். படத்தில் பார்த்தபோது அது தெரியவில்லை. வாங்க வாங்க என்றேன், உட்காருங்க என்றேன். அவள் கொடுத்த மரியாதையை வட்டியோடு திருப்பினேன். அவள் உட்காரவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பின்வாசல்வரை போனாள். ரப்பர் கொட்டைத் திரையை விரலால் தள்ளினாள். அது கடகடவென்றது.

"நாயும் வளக்கிறியா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அதற்குள் அவள் பார்வை மூலையில் எரிந்த டின் விளக்குக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பக்கத்தில் போய் ஒரு துளையைத் தொட்டாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. முறுக்குத் தட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாலாங்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். சிவப்பு மூடி போட்ட ஜாடி, உள்ளே நெய் உருண்டை.

"பாலாங்கத் திருப்பித் தர வேணாம்க்கா. பாலாங்தான் கடையில வாங்குனது, உருண்ட நான் புடிச்சது. நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிரு. போன தடவ அத்தனயும் தின்னுட்டு ஒரு வார்த்த சொல்லல."

"எந்தத் தடவ?"

"அந்த டின்னு நெறய குடுத்தனுப்புனேன்ல. நாப்பது உருண்ட. அசல் நெய்யி, மார்ஜரின் ஒரு சொட்டு இல்ல. மரத்தப் பாத்துச் சிரிச்சியே, இதத் தின்னாலாச்சும் ஒன் வாய் அடங்கும்னு செஞ்சேன். நல்லா அடங்குச்சு, ஆறு வருஷம்." சிவப்பு மூடியை இறுக்கித் திருகினாள். "வேதக்காரங்க வீட்டுப் பலகாரம்னு நீ ஒதுக்கிட்டியோன்னுகூட நெனச்சிக்கிட்டேன்."

"நீ டின்ன வெறுமனேதானே அனுப்புனே. கழுவித் தொடச்சி."

"நானா? வெறும் டின்னா? எனக்கென்னா பைத்தியமாக்கா? மாமா கையிலதான் குடுத்தேன். நெறய இருக்கு, சாய்க்காதீங்கன்னு சொல்லிக் குடுத்தேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினோம். என் வீட்டுக்காரர் நாற்காலியில் இல்லை. வாசலில் குனிந்து, விருந்தாளிகளின் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அவர் செருப்பு அடுக்கி நான் பார்த்ததில்லை.

"ஏங்க."

"வாசக் கேட்டு சரியா சாத்தலபோல," என்றார்.

"அந்த டின்னுல என்னா இருந்துச்சு?"

நிமிர்ந்தார். கையில் தங்கையின் ஒற்றைச் செருப்பு இருந்தது. "மொதல்ல ஒண்ணுதான் எடுத்தேன்லா," என்றார்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் சாலை நெரிசல். பஸ்ஸில் அவர் மட்டும். அவருக்கு இனிப்பு நீர் வந்து, வீட்டில் நான் சீனி டப்பாவை ஒளித்துவைத்திருந்த வருடம் அது. "ஒண்ணு எடுத்தேன். அப்புறம் பாத்தா பாதி டின்னு காலி. பாதிய கொண்டாந்தா நீ கண்டுபுடிச்சிருவே. அதான் மிச்சத்தையும்..."

"தின்னுட்டீங்க."

"மாவு ஒட்டியிருந்துச்சு. டோல் தாண்டி எண்ணெய் ஸ்டேஷன் கொழாயில கழுவுனேன்."

"அப்பவே சொல்றதுக்கு என்னா?"

"ரெண்டு நாளுல நீங்களே பேசித் தீத்துக்குவீங்கன்னு பாத்தேன். அதுக்குள்ள ஒரு வருஷம் ஆயிருச்சு. ஒரு வருஷம் கழிச்சி எப்புடிச் சொல்றது?"

முதலில் சிரித்தது தங்கை வீட்டுக்காரர். "அண்ணே, நாப்பதுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்த ஜனவரியில் என் வீட்டுக்காரரின் ரத்தச் சோதனையைப் பார்த்து டாக்டர் பதறியது எனக்கு ஞாபகம் வந்தது. குற்றம் சோற்றின் மேல் என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு வருடம் அவருக்குச் சப்பாத்தி மட்டும் போட்டேன். பாவம், சோறு. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு நீ வராததுக்கும் இதானா?" என்றாள்.

தங்கை வீட்டுக்காரர் தொடையில் தட்டுவதை நிறுத்தினார்.

"ஆறு நாளு வார்டுல கெடந்தேன்க்கா. யாரு கதவத் தொறந்தாலும் நீதான்னு தலையத் தூக்குவேன். தையலு இழுக்கும். நர்ஸ் திட்டுவாங்க."

வெட்கத்தில் முகம் எரிந்தது. என் வீட்டுக்காரரை இன்னும் ஒரு வருடம் திட்டலாம், அதற்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் அவர் தின்றது நாற்பது உருண்டை. கைப்பையைத் திரும்ப மாட்டியது அவர் இல்லை.

"கெளம்பிட்டேன்," என்றேன். "கூடம் வரைக்கும் வந்தேன்."

"கூடம் வரைக்கும்," என்றாள் அவள்.

நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகரவில்லை. பாலாங்கைத் திறந்து ஒரு உருண்டையை எடுத்துத் தின்றேன். அசல் நெய். நல்லா இருக்கு என்று சொன்னேன். இவ்வளவுதானா என்பதுபோல் பார்த்தாள். ரொம்ப நல்லா இருக்கு என்றேன். உதட்டில் ஒட்டிய பயற்று மாவைத் துடைக்காமல் இன்னொன்றையும் எடுத்தேன்.

புறப்படும்போது அவள் மூலைக்குப் போய் விளக்கை அணைத்தாள். உள்ளிருந்த மெழுகுவத்தியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு டின்னைத் தூக்கினாள்.

"இது என் மொற," என்றாள்.

"ஓட்ட போட்டுட்டேன்டி."

ஜன்னல் வெளிச்சத்தில் டின்னைத் தூக்கிப் பிடித்தாள். அவள் முகமெல்லாம் புள்ளி விழுந்தது. "முறுக்கு உளுவாது," என்றாள்.

எங்கள் பிரிவில் ஒரு ஊசி ஓட்டை இருந்தாலே கழிவுப் பெட்டி. இதில் எத்தனை இருக்கின்றன என்று அடித்த எனக்கே தெரியாது. அடியில் செய்தித்தாளை மடித்துப் போட்டு, முறுக்கும் பாத்தேக் கேக்கும் மூடி மூடாத அளவுக்கு அடுக்கினேன். காருக்குத் தூக்கிக்கொண்டு போக என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். தங்கை டின்னை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கிறிஸ்மஸுக்கு ஆளு கையில குடுத்துவிட மாட்டேன்," என்றாள் என்னிடம். "நீயே வந்து எடுத்துக்க."

தீபாவளி விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே டிசம்பருக்கு மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில், ஆப்பரேஷன் ஆன தங்கையைப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். மேற்பார்வையாளர் நல்லவர். படித்துவிட்டு முகம் வாடி, ஆப்பரேஷன் எப்போது என்று கேட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.